வலிக்காத புண் ஏன் ஆபத்து?

பருத்தித்துறைக் கடற்கரையில் வெறுங்காலோடு நடப்பவரை முருகைக்கல் கீறினால் சுள்ளென்று வலிக்கும். நீண்டகாலச் சலரோகக்காரர் சிலருக்கு வலிப்பதேயில்லை. ஏன்?

குருதியிலுள்ள சீனி கலங்களுக்குள் புக இன்சுலின் வேண்டும். அது குறைந்தாலோ, உடல் அதற்கு இணங்காவிட்டாலோ சீனி குருதியிலேயே தேங்கும். மிகுந்த சீனியைச் சிறுநீரகம் நீரோடு வெளியேற்றும். அதனால்தான் அடிக்கடி சலம் போகும், தாகமெடுக்கும், உடல் மெலியும். பலருக்கு அறிகுறியே இராது.

ஆண்டுக்கணக்கில் தேங்கும் சீனி பாத நரம்புகளைச் சிதைத்து, குருதிக் குழாய்களை ஒடுக்கும். உணர்வில்லாததால் புண் கண்ணில் படாது. குருதி போதாததால் ஆறாது. கிருமி ஏறினால் காலையே இழக்க நேரலாம்.

வெறும்வயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் அது சலரோகம். செருப்பின்றி நடக்காதீர்கள், தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். சிறு புண்ணென்றாலும் மந்திகை ஆதார வைத்தியசாலைக்குப் போகத் தாமதிக்காதீர்கள்.