ஐதான அணிகளும் நினைவகச் சிக்கனமும்

ஒரு கருவியின் வடிவம் அது தீர்க்க முனையும் பிரச்சினையினின்றே பிறக்கின்றது என்பதற்குக் கணினியியலிலும் நாம் சான்று காணலாம். 1950களில் அமெரிக்காவின் ரான்ட் கூட்டுத்தாபனத்தில் ஹரி மார்க்கோவிற்ஸ் முதலியோர் கைத்தொழில்களின் உற்பத்தியாற்றலைச் சமன்பாடுகளாக்கி ஆராய்ந்தனர். அன்றைய கணினிகளுக்கு அவை பெருஞ்சுமையாயின. ஆயின், அச்சமன்பாடுகளின் குணகங்களை நிரைகளும் நிரல்களுமாக அடுக்கிய தாயத்தில் மிகப் பெரும்பாலானவை பூச்சியங்களே என்பதை மார்க்கோவிற்ஸ் அவதானித்தார். இது தற்செயலன்று. ஓர் உற்பத்தி முறை சில மூலப்பொருள்களையும் சில பொறிகளையுமே நேரடியாக வேண்டிநிற்கும். ஏனையவற்றுடன் அதற்கு நேரடித் தொடர்பில்லை. தாயத்தின் வெறுமை உற்பத்தியின் அமைப்பையே புலப்படுத்திற்று. இத்தகைய தாயத்தை ஐதான தாயம் என்பர்.

பத்தாயிரம் நிரைகளும் பத்தாயிரம் நிரல்களும் கொண்ட தாயமொன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 10 கோடி இடங்கள் உள. ஓர் எண்ணுக்கு 8 பைற்று வீதம் அனைத்தையும் சேமிப்பின் 80 கோடி பைற்று தேவைப்படும். நிரையொன்றுக்குச் சராசரி ஐந்து எண்களே பூச்சியமல்லாதவை எனின், உண்மையிற் பதியவேண்டியவை 50,000 எண்கள் மாத்திரமே.

இவற்றை மூன்று சிறிய அணிகளிற் பதியலாம். மூன்று நிரைகளும் நான்கு நிரல்களும் கொண்ட ஒரு தாயத்தில், முதல் நிரையின் மூன்றாம் நிரலில் 7 உண்டு. இரண்டாம் நிரை வெறுமையானது. மூன்றாம் நிரையின் முதலாம், நான்காம் நிரல்களில் முறையே 4, 9 உள. முதலணி எண்களைத் தாங்கும்: 7, 4, 9. இரண்டாமணி அவற்றின் நிரல்களைக் கூறும்: 3, 1, 4. மூன்றாமணி ஒவ்வொரு நிரையும் முதலணியில் எங்கே தொடங்குகின்றது என்பதையும், ஈற்றில் முடிவெல்லையையும் காட்டும்: 1, 2, 2, 4. இரண்டாம், மூன்றாம் நிரைகளின் தொடக்கம் ஒன்றாதலால் இரண்டாவது நிரை வெறுமையானது என்பது பெறப்படும். நிரலெண்ணுக்கும் தொடக்க எண்ணுக்கும் 4 பைற்று வீதம் ஒதுக்கின், முன்னைய பெருந்தாயம் 6,40,004 பைற்றில் அடங்கும். ஏறத்தாழ 1,250இல் ஒரு பங்கு.

எனினும் இச்சிக்கனம் விலையின்றிக் கிட்டுவதன்று. முழுத் தாயத்தில் வேண்டிய இடத்தை ஒரே கணக்கில் அடையலாம். இங்கோ நிரையினுள் தேடவேண்டும். புதிய எண்ணொன்றை நடுவிற் செருகின் பின்னுள்ளவை யாவும் நகரவேண்டும். மேலும், ஓர் எண்ணுக்கு 8 பைற்றுக்குப் பதிலாக 12 பைற்று செலவாவதால், தாயத்தின் மூன்றிலிரண்டு பங்கிற்கு மேல் நிரம்பின் சிக்கனமே விரயமாக மாறும். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் விதிக்கு இது தக்க உதாரணமாகும்.

இதனினும் நுண்ணியதொரு முரண்பாடும் உண்டு. சமன்பாடுகளிலிருந்து மாறிகளை ஒவ்வொன்றாக நீக்குகையில், பூச்சியமிருந்த இடங்களிற் புதிய எண்கள் தோன்றக்கூடும். நீக்கும் ஒழுங்கு தவறின் ஐதான தாயம் கணிப்பின் போக்கிலேயே அடர்ந்துவிடும். தன் நிரையிலும் நிரலிலும் உள்ள பூச்சியமல்லாத ஏனைய எண்களின் தொகைகளது பெருக்கம் மிகக் குறைவாயுள்ள உறுப்பையே அடுத்துத் தெரியவேண்டும் என்ற விதியை மார்க்கோவிற்ஸ் 1957இல் முன்வைத்தார்.

எனவே, நினைவகச் சிக்கனத்தைச் சேமிக்கும் வடிவத்தோடு மட்டும் நிறுத்திவிடல் பொருந்தாது. தரவினுள் எவை எவற்றோடு தொடர்புறுகின்றன, அவற்றின்மீது எத்தொழில் நிகழவுள்ளது என்பவற்றை ஒருங்கே ஆராய்ந்த பின்னரே வடிவம் தெரியப்படுதல் வேண்டும்.