பம்புக்குப் பேட்டரி எதற்கு?

கிணற்று மோட்டாரையும் வீட்டையும் சோலாரில் ஓட்ட நினைப்பவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, எத்தனை பேட்டரி போட வேண்டும் என்றுதான். மோட்டாருக்கு ஒன்றுகூட வேண்டாம். இரவில் நமக்கு வேண்டியது தண்ணீர். மோட்டார் ஓடுவது அல்ல. பகல் வெயிலில் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டால் அந்த வேலை அத்தோடு முடிந்தது. விளக்கு வெளிச்சத்தைத் தொட்டியில் பிடித்துவைக்க முடியாது, ஆகவே வீட்டுக்குப் பேட்டரி தேவை. இரண்டையும் ஒரே பேட்டரியில் மாட்டும்போதுதான் பணம் கரைகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய நூறடி, மேலே தூக்க 0.08 யூனிட் ஆற்றல் போதும். மோட்டார், பம்பு, குழாய் என்று பாதிக்கு மேல் வீணாவதையும் சேர்த்தால் 0.2 யூனிட் ஆகும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும்; அதைக் கொண்டு 20,000 லிட்டர் இறைக்கலாம். பேட்டரியின் கணக்கு வேறு. வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி நிறைந்திருந்தால் 1.8 யூனிட். சீக்கிரம் கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பாதியை 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். அதே மின்சாரத்தில் நாலு எல்.இ.டி. பல்புகளும் இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறிகளும் ஏழெட்டு மணி நேரம் ஓடும். இதுபோக, சாதாரண மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் நின்றுவிடும்.

சோலார் பம்பில் இந்தச் சிக்கல் இல்லாததற்குக் காரணம், நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டி. பேனல் அந்த நொடியில் எவ்வளவு தருகிறதோ அதற்கேற்ற வேகத்தில் மட்டும் அது மோட்டாரைச் சுழற்றும். காலை ஏழரை மணிக்குப் போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடுவது கேட்கும், குழாய் வாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. பழுது ஒன்றுமில்லை. சுழலும் வேகம் பாதியானால் பம்பு தரும் அழுத்தம் கால்வாசியாகிவிடும். நூறடிக்குத் தூக்க வேண்டிய தண்ணீர் இருபத்தைந்தடியில் நின்றுகொண்டிருக்கும். வெயில் ஏறியதும் தண்ணீர் கொட்டும். ஆழமான போரில் தாமதமாகவும், தண்ணீர் மேலே நிற்கும் திறந்த கிணற்றில் சீக்கிரமாகவும் வரும். பேனல் சூடேறினாலும் திறன் குறையும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடு. ஒரு எச்.பி. என்பது 746 வாட் என்றாலும் அந்த அளவுப் பேனல் போதாமல் போவது இந்த இழப்புகளால்தான். 5 எச்.பி. பம்புக்கு 4,800 வாட் பேனல் மாட்டுகிறார்கள். இடம் பார்க்கும்போது தென்னை மரங்களிலிருந்து தள்ளியே பாருங்கள். பேனல்களைச் சரமாக வரிசையில் இணைப்பதால், ஒரே ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசையே தளர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லையே என்பார்கள். அப்போது வயலுக்கு இறைக்கும் தேவையும் குறைவு. குடிக்கவும் புழங்கவும் இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும் தொட்டி போதும். தொட்டி பேட்டரியைவிட மலிவு, நாலைந்து வருடத்துக்கொரு முறை மாற்றவும் வேண்டாம். விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம், பிறகு சோலார் எதற்கு என்பது வலுவான கேள்வி. இணைப்பு இருப்பவருக்கு அவசரம் இல்லைதான். இணைப்புக்குக் காத்திருப்பவருக்கும், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் வயலுக்குப் போகிறவருக்கும் இது பயன்படும். 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து விலையில் 60 விழுக்காடு மானியம் தருகின்றன. வீட்டுக்கூரைக்கு 2024-இல் வந்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். ஆனால் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசத்தை ஒட்டியே பில் வரும் சிறிய வீட்டுக்கு இது லாபமில்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த கூரை சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும் என்பதையும் விற்பவர்கள் உரக்கச் சொல்வதில்லை. லைனில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

நிலத்தடி நீர் பற்றிய கேள்விக்கு மட்டும் எளிதான பதில் இல்லை. வெயிலுக்குப் பில் கிடையாது, ஆகவே யாரும் மோட்டாரை நிறுத்த மாட்டார்கள். கன்ட்ரோலர் தண்ணீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும். அது மோட்டாரைக் காக்கிறதே ஒழிய கிணற்றைக் காப்பதில்லை. மின்சாரத்துக்கு வேறு வேலை கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தொட்டி நிரம்பியதும் அதே பேனல்களை மாவு அரைக்கவும், மாட்டுத் தீவனம் நறுக்கவும், வீட்டுப் பேட்டரியை ஏற்றவும் திருப்பிவிடும் கன்ட்ரோலர்கள் வந்துவிட்டன. பம்புக்கென்று பேனல் வாங்குகிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அந்த வகையையே கேட்டு வாங்கலாம்.