ஆல்கார்வேயா, கோஸ்டா டெல் சோலா? குளிர்கால கோல்ஃப் பயணத்துக்கு எது உகந்தது

வட ஐரோப்பாவில் கோல்ஃப் ஆடுவோருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் பெரும்பாலும் காத்திருப்பிலேயே கழிகின்றன. ஸ்வீடனின் திடல்கள் பனிக்கடியில் கிடக்கின்றன. ஸ்காட்லாந்தில் டிசம்பர் இறுதியில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ ஏழு மணி நேரமே கிடைக்கிறது. பிரிட்டனின் பல மன்றங்களோ, பந்தை உருட்டிக் குழியில் இடுவதற்கென ஒட்ட வெட்டிப் பேணப்படும் புல்தரையாகிய ‘கிரீன்’ பாழாகிவிடக் கூடாதென்று அதை மூடிவைத்து, அதற்கு முன்னால் தற்காலிகக் குழியொன்றைத் தோண்டி ஆடச்செய்கின்றன. இக்காலத்தில் தெற்கு நோக்கிப் புறப்படுவோரின் முன்னே வழக்கமாக இரண்டு கடற்கரைகள் போட்டியிடுகின்றன. ஒன்று, போர்ச்சுகலின் தென்கோடியிலுள்ள ஆல்கார்வே; அப்பெயர் ‘மேற்கு’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மற்றொன்று, ஸ்பெயினின் மாலகா நகரையொட்டி நீளும் கோஸ்டா டெல் சோல், அதாவது கதிரவன் கரை. இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதையும், அத்தேர்வு எந்த அளவுகோலால் செய்யப்பட வேண்டும் என்பதையும் இக்காணொளி ஆராய்கிறது.

பயண விளம்பரங்கள் முதலில் நீட்டுவது வெப்பநிலை அட்டவணையையே. ஆனால் இந்தத் தேர்வில் அதைப்போலப் பயனற்ற கருவி வேறில்லை. ஜனவரி மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலை ஆல்கார்வேயின் தலைநகரான ஃபாரோவில் சுமார் 16 பாகை செல்சியஸ், மாலகாவில் சுமார் 17 பாகை. இரவில் இரண்டுமே ஏறத்தாழ 7 பாகைக்கு இறங்குகின்றன. இரண்டுக்கும் வடக்கே மலைகள் அரணாக நிற்பதே இந்த ஒற்றுமைக்கு ஒரு காரணம். ஆல்கார்வேயின் பின்னே 902 மீட்டர் உயரமுள்ள ஃபோயா சிகரத்தைக் கொண்ட மொன்ஷீக்கே மலையும், கோஸ்டா டெல் சோலிலுள்ள மார்பெய்யா நகரின் பின்னே 1,215 மீட்டர் உயரமுள்ள லா கோஞ்சாவும் வடகாற்றின் கூர்மையை மழுக்கிவிடுகின்றன. ஒரு பாகை வேறுபாட்டை நம்பி விமானச்சீட்டு வாங்குபவர், மேலங்கியைக் கழற்றலாமா வேண்டாமா என்பதற்கு மட்டுமே விடை பெறுகிறார்.

உண்மையான வேறுபாடு மழை பெய்த மறுநாள் காலையில் தெரிகிறது. மத்தியதரைக் காலநிலை எனப்படும் வகையில், கோடை வறண்டும் குளிர்காலம் ஈரமாகவும் இருப்பது இயல்பு. ஆகவே சூரியனைத் தேடிச் செல்பவர் சரியாக மழைப்பருவத்தில்தான் போய் இறங்குகிறார். டிசம்பரில் இரண்டு கரைகளிலுமே சராசரியாக ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழை பதிவாகிறது. பிப்ரவரியில் அது 50 முதல் 60 மில்லிமீட்டராகக் குறைகிறது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளே இம்மழைக்குக் காரணம் என்பதால், கோஸ்டா டெல் சோலிலும் மேற்கே செல்லச்செல்ல ஈரம் கூடுகிறது. அதன் மேற்குப் புறத்து மலைகளிலுள்ள கிராசலேமா ஸ்பெயினிலேயே மிகுந்த மழை பெறும் ஊர்களுள் ஒன்று என்பது, ‘கதிரவன் கரை’ என்ற பெயரை வைத்தவர்கள் சொல்லாமல் விட்ட செய்தி.

பெய்யும் மழை இரண்டு கரைகளிலும் ஏறக்குறைய ஒன்றாயினும், அதை வாங்கிக்கொள்ளும் மண் ஒன்றல்ல. ஃபாரோவுக்குச் சற்று மேற்கே, கிந்தா தோ லாகோ, வாலே தோ லோபோ ஆகிய இடங்களிலுள்ள திடல்கள் குடைபோல் விரிந்த பைன் மரங்களுக்கிடையே மணற்பாங்கான நிலத்தில் அமைந்தவை. நீர் விரைவாக உள்ளிறங்குவதால், இரவெல்லாம் மழை பெய்தாலும் காலையில் நடந்து ஆட முடிகிறது. கோஸ்டா டெல் சோலிலோ மலைச்சரிவு கடலருகே வந்து முடிவதால் பல திடல்கள் ஏற்றமும் இறக்கமுமாக, களிமண் கலந்த பள்ளத்தாக்குகளில் கிடக்கின்றன. அங்கே ‘பக்கி’ எனப்படும் சிறு மின்வண்டி இல்லாமல் பதினெட்டுக் குழிகளையும் முடிப்பது கடினம். மழைக்குப் பிறகு அவ்வண்டி பாதையை விட்டுப் புல்லில் இறங்கக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டால், பந்து கிடக்கும் இடத்துக்கும் வண்டிக்கும் இடையே சரிவில் ஏறி இறங்குவதிலேயே ஆடுபவரின் நாள் போய்விடும். அறுபதைக் கடந்த முழங்கால்களுக்கு, வெப்பநிலை அட்டவணையைவிட இச்செய்தி முக்கியமானது.

ஆல்கார்வே முழுவதும் மணல் என்று கொள்வதும் பிழையாகும். அப்பகுதியின் முதல் கோல்ஃப் திடலான பெனீனா, ஃபாரோ விமான நிலையம் திறக்கப்பட்ட மறு ஆண்டான 1966இல், போர்த்திமாவுங் நகருக்கு அருகே பழைய நெல்வயலில் உருவாக்கப்பட்டது. தி ஓப்பன் கோல்ஃப் போட்டியை 1934, 1937, 1948 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஆங்கிலேயர் ஹென்றி காட்டன், அச்சேற்று நிலத்தின் நீரை உறிஞ்சுவதற்காகவே ஏராளமான மரங்களை நட்டு அதை வடிவமைத்தார். பாசிஃபிகோ என்ற கழுதையின் முதுகில் தம் மட்டைப்பையை ஏற்றிக்கொண்டு அவர் அங்கே ஆடியதும் உண்டு. நெல் விளைந்த மண் எத்தனை மரம் நட்டாலும் மணலாகிவிடாது என்பதால், தொடர்மழைக் காலத்தில் பெனீனாவைப் பயணத்தின் பிற்பகுதிக்கு ஒதுக்குவதே விவேகம்.

புல்லைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தென் ஐரோப்பாவின் கோடையைத் தாங்குவதற்காக, பந்து சென்று விழ வேண்டிய நீள்வெளியாகிய ‘ஃபேர்வே’யில் பல திடல்கள் பெர்முடா புல்லை வளர்க்கின்றன. நம் நாட்டு அருகம்புல்லும் இதுவும் தாவரவியலின்படி ஒரே இனம். வெயிலை விரும்பும் இப்புல் மண் குளிர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்திப் பழுப்பேறி உறங்குகிறது. அதன்மேல் இலையுதிர்காலத்தில், குளிரிலும் வளரும் ரை புல்லின் விதையைத் தூவும் திடல்கள் பச்சையாகவும், தூவாதவை வைக்கோல் நிறத்திலும் காட்சியளிக்கின்றன. இரண்டு கரைகளிலும் இரண்டு வகையும் உண்டு. ஆகவே கோடையில் எடுத்த படத்தைப் பார்த்து முன்பதிவு செய்யாமல், ‘இவ்வாண்டு ரை விதை தூவினீர்களா?’ என்று திடலையே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது கடிகாரம். டிசம்பர் இறுதியில் இரண்டு கரைகளிலும் பகலின் நீளம் ஏறத்தாழ 9 மணி 40 நிமிடந்தான். ஆனால் ஃபாரோவில் சூரியன் 7.40 அளவில் எழுந்து மாலை 5.20க்கு மறைய, மாலகாவில் 8.25 அளவில் எழுந்து 6.05க்கு மறைகிறது. 1940ஆம் ஆண்டு ஸ்பெயின் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறி அதிலேயே நின்றுவிட்டதன் விளைவு இது. ஒரு சுற்று முடிய நான்கு முதல் நாலரை மணி நேரம் ஆகும் என்பதால், பிற்பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஒதுக்கீட்டைப் போர்ச்சுகலில் வாங்கியவர் கடைசிக் குழிகளை அரையிருளில் ஆட நேரும். ஸ்பெயினில் அதே ஒதுக்கீடு பாதுகாப்பானது. காலையில் தாமதமாக எழும் நண்பர் குழுவுக்கு இது சிறிய சலுகையன்று.

தொலைவைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை. ஃபாரோ விமான நிலையத்திலிருந்து கிந்தா தோ லாகோவும் விலாமோராவும் அரை மணி நேரப் பயணத்தில் உள்ளன. அங்குள்ள ஏ22 நெடுஞ்சாலையின் சுங்கக் கட்டணம் 2025 ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது. மாலகாவிலிருந்து மார்பெய்யா சுமார் 50 கிலோமீட்டர். சொட்டோகிராந்தே அதனினும் இருமடங்கு.

அந்தச் சொட்டோகிராந்தேயில்தான் ஆல்கார்வேயால் ஈடுகட்ட முடியாத ஒன்று இருக்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் மாலகாவுக்கு அடுத்த காதிஸ் மாகாணத்தைச் சேர்ந்த அப்பகுதியில், ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் கார்க் ஓக் மரங்களுக்கிடையே வடிவமைத்த வால்டெர்ராமா திடல் அமைந்துள்ளது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அணிகளாக மோதும் ரைடர் கோப்பை, ஐரோப்பியப் பெருநிலத்தில் முதன்முதலாக 1997இல் நடந்தது இங்கேதான். ஸ்பெயின் வீரர் செவே பாயெஸ்தெரோஸின் தலைமையில் ஐரோப்பா 14½–13½ என்ற கணக்கில் வென்றது. அப்போட்டியின் முதல் நாள் ஆட்டம் கனமழையால் தாமதமாகத் தொடங்கியது. செப்டம்பரிலேயே அந்நிலை என்றால், டிசம்பரில் இந்த ஒரு திடலுக்காகவே பெருங்கட்டணத்தை முன்கூட்டிக் கட்டிவிட்டுச் செல்வது எத்தகைய துணிச்சல் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜிப்ரால்டர் நீரிணை வழியாக வீசும் லெவான்தே எனப்படும் கீழைக்காற்றும் அங்கே கணக்கில் கொள்ளத்தக்கது.

ஆகவே, டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு வாரம் மட்டுமே கையில் உள்ளவரும், மட்டைப்பையைத் தாமே சுமந்து நடக்க விரும்புபவரும் ஆல்கார்வேயை, அதிலும் ஃபாரோவுக்கும் விலாமோராவுக்கும் இடைப்பட்ட மணற்பகுதியைத் தேர்வதே தகும். வண்டியில் ஆடப் பழகியவரும், வாழ்நாளில் ஒருமுறையேனும் வால்டெர்ராமாவில் ஆட விரும்புபவரும் கோஸ்டா டெல் சோலுக்குப் போகலாம். ஆனால் பிப்ரவரியின் இரண்டாம் பாதிக்கு முன்னால் போக வேண்டாம்.