கேட்டது ஒரு ஃபங்ஷன், வந்தது முழு லைப்ரரி: வெப்சைட்கள் மொபைலில் திணறுவது ஏன்?

டிக்கெட் புக் செய்யும் பக்கத்தைத் திறக்கிறீர்கள். எழுத்து தெரிகிறது, படம் தெரிகிறது, பணம் கட்டும் பட்டனும் தெரிகிறது. ஆனால் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டுகிறீர்கள். ம்ஹூம்.

உடனே நெட்டைத் திட்டுவோம். பல நேரங்களில் நெட் பாவம், அதன் மேல் தப்பே இருக்காது. பக்கத்தோடு வந்து இறங்கிய ஜாவாஸ்கிரிப்டை உங்கள் மொபைல் இன்னும் படித்து முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

200 கேபி படமும் 200 கேபி ஜாவாஸ்கிரிப்டும் டவுன்லோடு ஆக ஒரே நேரம்தான் எடுக்கும். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். படத்தை விரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்டை பிரவுசர் வரி வரியாகப் படிக்கணும், கம்பைல் பண்ணணும், ஓட்டணும். அது ஓடி முடியும் வரை உங்கள் தட்டல் வரிசையில் காத்திருக்கும். கோடு எழுதுபவரின் விலை உயர்ந்த லேப்டாப்பில் இது கண் சிமிட்டும் நேரம். பட்ஜெட் மொபைலில் அப்படி இல்லை.

இவ்வளவு கோடு எங்கிருந்து வருது?

பெரும்பாலும் லைப்ரரிகளில் இருந்து. உதாரணத்துக்கு லோடாஷ். 2012-ல் வந்தது, இன்றும் ஏகப்பட்ட புராஜெக்ட்களில் இருக்கிறது. அதில் 'டிபவுன்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. சர்ச் பாக்ஸில் நீங்கள் ஒவ்வொரு எழுத்தாக டைப் செய்யும்போது, ஒவ்வொன்றுக்கும் சர்வரைத் தொந்தரவு செய்யாமல், நீங்கள் நிறுத்தும் வரை பொறுத்திருக்க வைப்பது அதன் வேலை.

டெவலப்பர் எழுதுவது ஒரே வரி: லோடாஷிலிருந்து டிபவுன்ஸை இம்போர்ட் செய். பார்க்க ஒன்றைத்தான் கேட்ட மாதிரி இருக்கும். ஆனால் வந்து சேர்வது முழு லோடாஷ். தேவையற்ற இடைவெளிகளை நீக்கிச் சுருக்கிய பிறகும் சுமார் 70 கேபி. ஒரு கட்டு கொத்தமல்லி கேட்டால் கோயம்பேடு மார்க்கெட்டையே லாரியில் ஏற்றி அனுப்புகிற கதை. ஜிஜிப் செய்தால் 25 கேபிதானே என்பார்கள். அது டவுன்லோடுக்கு மட்டும்தான். மொபைலில் பிரித்ததும் பழையபடி 70 கேபி.

'ட்ரீ ஷேக்கிங்' இருக்கே?

இருக்கு. பயன்படாத கோடை உதிர்த்துவிடும் இந்த உத்தி, 2015-ல் வந்த புதிய மாட்யூல் முறையையும் ரோலப் என்ற டூலையும் ஒட்டிப் பிரபலமானது. ஆனால் எதை உதிர்க்கலாம் என்று பண்ட்லருக்கு உறுதியாகத் தெரிந்தால்தான் அது உதிர்க்கும். லோடாஷின் வழக்கமான பேக்கேஜ் பழைய காமன்ஜேஎஸ் பாணியில் இருக்கிறது. எதை எடுத்தால் எது உடையும் என்று கணிக்க முடியாததால், பண்ட்லர் 'எதுக்கு வம்பு' என்று மொத்தத்தையும் வைத்துவிடும்.

இங்கேதான் பில்ட் நேரத்து மாற்றம் கைகொடுக்கிறது. பேபல் என்ற டூல், நீங்கள் எழுதிய கோடை பிரவுசருக்குத் தகுந்தபடி மாற்றித் தருவது. அதில் லோடாஷுக்கென்றே ஒரு பிளகின் இருக்கிறது. 'லோடாஷிலிருந்து டிபவுன்ஸ்' என்ற வரியைக் கண்டதும், அதை 'லோடாஷுக்குள் இருக்கும் டிபவுன்ஸ் ஃபைல்' என்று நேரடி முகவரியாக மாற்றி எழுதிவிடும். அப்புறம் அந்த ஃபைலும் அதற்குத் தேவையான சில குட்டி ஃபைல்களும் மட்டுமே பண்டிலுக்குள் வரும். டெவலப்பர் எழுதிய சோர்ஸில் ஒரு எழுத்துகூட மாறாது. நூற்றுக்கணக்கான ஃபைல்களில் உட்கார்ந்து கையால் திருத்த வேண்டியதில்லை, அதுதான் இதன் அழகு.

ஐகான் லைப்ரரிகளில் இதே தலைவலி வேறு மாதிரி. மெட்டீரியல் யூஐ-யின் ஐகான் பேக்கேஜில் 2,000-க்கும் மேற்பட்ட ஐகான்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வாசல், 'பேரல் ஃபைல்' என்பார்கள். ஒரு ஐகானுக்காக அந்த வாசலில் நுழைந்தாலும், டெவலப் செய்யும்போது மொத்தத்தையும் டூல் படிக்கணும். சேவ் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போகலாம்! நெக்ஸ்ட் ஜேஎஸ் முதலில் இதற்கு முகவரி விதிகளை நாமே எழுதித் தரும் வசதி கொடுத்தது. 2023-ல் வந்த 13.5 பதிப்பில், பேக்கேஜ் பெயரைச் சொன்னால் போதும், பேரல் ஃபைலைத் தானே அலசி வழி கண்டுபிடிக்கும் வசதி வந்தது.

சிக்கலே இல்லையா?

ஏன் இல்லை? நாமே எழுதிய முகவரி விதி, லைப்ரரியின் அடுத்த அப்டேட்டில் ஃபோல்டர் மாறினால் உடையும். லோடாஷின் 'செயின்' முறையை அந்த பிளகின் ஆதரிக்காது.

என்னைக் கேட்டால் இதைவிட மோசமான பொறி வேறு. நீங்கள் அழகாக டிபவுன்ஸை மட்டும் எடுத்திருப்பீர்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்த இன்னொரு பேக்கேஜ், சத்தமில்லாமல் முழு லோடாஷையும் இழுத்து வந்திருக்கும். பொதுவாக பிளகின் உங்கள் கோடை மட்டும்தான் மாற்றும், அடுத்தவர் பேக்கேஜைத் தொடாது. முழு லோடாஷ் ஒரே ஒரு பெரிய ஃபைல், நீங்கள் எடுத்தது தனி ஃபைல். ஆக, டிபவுன்ஸ் இப்போது இரண்டு முறை உள்ளே இருக்கும். குறைக்கப் போய் கூட்டிய கதை.

அதனால் பிளகினைப் போட்டதோடு விடாமல், வெப்பேக் பண்டில் அனலைசர் மாதிரி ஒரு டூலில் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். எந்த பேக்கேஜ் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும்.

கோடிங் தெரியாதா? பரவாயில்லை. கம்ப்யூட்டரில் க்ரோமைத் திறந்து, டெவலப்பர் டூல்ஸில் 'கவரேஜ்' பகுதிக்குப் போய், நீங்கள் தினமும் பார்க்கும் ஒரு சைட்டை ரீலோடு செய்யுங்கள். டவுன்லோடு ஆகியும் அதுவரை ஓடாத கோடை அது சிவப்பில் காட்டும். எங்கள் சைட்டையும் பாருங்கள். சிவப்பு நிறையத் தெரிந்தால் சொல்லுங்கள், டெக் டீமிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.