தீ அணைஞ்ச பிறகு பில்லருக்குள்ள என்ன நடக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

2017 மே 31, சென்னை தி.நகர். உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். உஸ்மான் ரோட்டுல சென்னை சில்க்ஸ் கட்டிடத்துல விடியற்காலையில பிடிச்ச தீ நாள் முழுக்க எரிஞ்சது. மறுநாள் அதிகாலையில அந்த 7 மாடிக் கட்டிடத்தோட ஒரு பகுதி சரிஞ்சு விழுந்தது. மிச்சத்தை அப்புறம் இயந்திரம் வெச்சு இடிச்சாங்க. அங்க எது முதல்ல உடைஞ்சதுங்கிறது இன்னைக்கு நம்ம விஷயம் இல்ல. கான்கிரீட்தான் எரியாதே, அப்புறம் ஒரு கான்கிரீட் கட்டிடம் தீயில எப்படி விழும்? அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல கான்கிரீட்டுக்கு நியாயமா நடந்துக்குவோம். 2005 பிப்ரவரியில மாட்ரிட்ல வின்ட்சர் டவர் எரிஞ்சப்போ, மேல் மாடிகள்ல வெளிப்பக்கம் இருந்த இரும்புத் தூண்கள் விழுந்துடுச்சு. நடுவுல இருந்த கான்கிரீட் பகுதி நின்னுது. காரணம், கான்கிரீட் சூட்டை ரொம்ப மெதுவாத்தான் உள்ள விடும். ஒரு மணி நேரம் கடுமையா எரிஞ்சா மேற்பரப்பு 900 டிகிரியைத் தொடலாம். ஆனா 2 சென்டிமீட்டர் உள்ள போனா சுமார் 500. 5 சென்டிமீட்டர்ல 300-க்கும் கீழ.

கம்பிக்கு 550, 600 டிகிரி வந்தா அதோட பலத்துல ஏறக்குறைய பாதி காலி. அதனால கம்பிக்கு வெளியில எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கு, அதாவது சைட்ல 'கவர்'னு சொல்றாங்களே, அதுதான் உயிர். சாதாரணமா ஸ்லாப்ல 20 மில்லிமீட்டர், பில்லர்ல 40. கவர் பிளாக் வைக்காம ரெண்டு ஜல்லியை முட்டுக்கொடுத்து ஒப்பேத்துறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. தீ வராதவரைக்கும் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

அந்தக் கவரே தெறிச்சுப் போறதும் உண்டு. கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி, வெளிய வர வழியில்லாம வெடிச்சுக் கிளம்பும். வேடிக்கை என்னன்னா, அடர்த்தியான, 'உசத்தி' கான்கிரீட்லதான் இது அதிகம். 1996-ல இங்கிலாந்து-பிரான்ஸ் கடலடி சுரங்கத்துல தீப்பிடிச்சப்போ சுவர்க் கான்கிரீட் இப்படித்தான் உதிர்ந்தது. இப்போ சுரங்கங்கள்ல மெல்லிய பிளாஸ்டிக் இழைகளைக் கலக்குறாங்க. தீயில இழை உருகினா, ஆவி போக வழி கிடைக்கும்.

இன்னொண்ணு, சூடானா கான்கிரீட் நீளும். 30 மீட்டர் நீள ஸ்லாப் சராசரியா 200 டிகிரி சூடானா, தடை இல்லேன்னா சுமார் 60 மில்லிமீட்டர் நீளும். அது ஓரத்துல இருக்கிற பில்லரைத் தள்ளும். மேல இருந்து வர்ற பாரத்தைத் தாங்கத்தான் பில்லர். பக்கவாட்டுல இப்படி ஒரு தள்ளலை அது எதிர்பார்க்கல. அதனால தீ ஒரு மூலையில எரிய, விரிசல் இன்னொரு மூலையில வரலாம்.

இப்போதான் முக்கியமான இடம். தண்ணி அடிச்சுத் தீயை அணைச்சாச்சு, அறை ஆறிடுச்சு. பில்லர் ஆறலை. வெளியில ஏறின சூடு இன்னும் உள்நோக்கிப் போயிட்டே இருக்கு. நடுப்பகுதி உச்ச சூட்டைத் தொடுறது சில மணி நேரம் கழிச்சுக்கூட இருக்கலாம். நீண்ட ஸ்லாப் இப்போ சுருங்கி, தள்ளின பில்லரையே இழுக்கும். சிமென்ட்டுக்குள்ளயும் ஒரு வேலை நடக்குது. 400 டிகிரிக்கு மேல போன இடத்துல அதுல இருந்த சுண்ணாம்பு, சூளையில கிளிஞ்சல் வெந்த மாதிரி சுட்ட சுண்ணாம்பா மாறியிருக்கும். அதுல தண்ணி பட்டா என்ன ஆகும்? பொங்கும், உப்பும். இங்கயும் அதேதான். அடுத்து வர்ற நாட்கள்ல காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து, உப்பி, உள்ளிருந்தே கான்கிரீட்டை விரிய வைக்கும். ஆறின கம்பி பெரும்பாலும் பலத்தைத் திரும்பப் பெறும்; கான்கிரீட் பெறாது, இன்னும் கொஞ்சம் இழக்கும்.

2004 நவம்பர் 27, சுவிட்சர்லாந்தோட கிரெட்சன்பாக். நிலத்தடி கார் பார்க்கிங்ல பிடிச்ச தீயை அணைக்க உள்ள போன 7 தீயணைப்பு வீரர்கள் மேல கூரை இறங்கி, ஏழு பேரும் இறந்துட்டாங்க. "பீரோவுல இருக்கிற சர்டிஃபிகேட்டை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்"னு யாராவது கிளம்பினா, தடுக்கிறதுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

சரி, எந்தக் கட்டிடத்தைக் காப்பாத்தலாம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? முதல்ல தற்காலிக முட்டு கொடுப்பாங்க. அப்புறம் சுத்தியல். தட்டினா 'ணங்'னு கேக்கணும். 'தொப்'னு கேட்டா உள்ள விட்டுப்போச்சு. நிறமும் பேசும். 300 டிகிரி தாண்டின கான்கிரீட் சில வகை ஜல்லியில இளஞ்சிவப்பா மாறும். அந்தச் சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு, உருளையா ஒரு துண்டு வெட்டியெடுத்துப் பார்ப்பாங்க. எல்லா ஜல்லியும் இப்படி நிறம் மாறாது, அதனால நிறத்தை மட்டும் நம்ப மாட்டாங்க. வெட்டின துண்டை நசுக்கிப் பலமும் பார்ப்பாங்க. வெந்த அடுக்கைச் செதுக்கிட்டு, புதுக் கம்பி கட்டி, புதுக் கான்கிரீட் போத்தி எழுப்பின கட்டிடங்கள் நிறைய இருக்கு.

இவ்வளவும் பார்க்க கான்கிரீட் கண்ணுக்குத் தெரியணும். அதனால உங்க ஃபிளாட்ல தீப்பிடிச்சிருந்தா, இன்ஜினியர் வந்து பார்க்கிறவரைக்கும் கரியைத் துடைச்சு, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க யாரையும் விடாதீங்க, வாடகைக்கு ஆள் ரெடியா நின்னாலும் சரி.