புள்ளி எழுத்தைத் தனியே விடாதீர்கள்

நாஞ்சில் நாட்டுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். எழுத்துகள் எல்லாம் தெரிந்த ஒரு மாணவன், நீண்ட சொல் வந்தால் மட்டும் வாசிப்பை நிறுத்திவிடுவான். ஒருநாள் ‘மாத்தூர் தொட்டிப்பாலம்’ என்று கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். “மா, இத், தூ, இர், தொ, இட், டி…” என்று தொடங்கியவன் பாதியில் தலைகுனிந்தான். வாசித்தது என்னவென்று அவனுக்கே விளங்கவில்லை. பிழை அவனுடையதல்ல. புள்ளி எழுத்தைத் தனியே சொல்லப் பழக்கியது நான்தான்.

மெய்யெழுத்து தனக்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்ந்தே ஒலிக்கும். எனவே முறையை மாற்றினேன். ஒவ்வோர் உயிருக்கும் உயிர்மெய்க்கும் ஒரு கைத்தட்டல். அடுத்து வரும் புள்ளி எழுத்து அதனுடன் ஒட்டிக்கொள்ளும்.

மாத்/தூர் தொட்/டிப்/பா/லம்

பதினோர் எழுத்துகள் ஆறு தட்டல்களாகிவிட்டன. இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் இதே முறைதான்: மார்த்/தாண்/டம். இது யாப்பிலக்கண அசை அன்று. வாசிப்புக்கான ஒலிப் பிரிப்பு மட்டுமே.

அடுத்து, அந்தப் பாலத்தின் கீழே ஓடும் ‘பரளியாறு’. பொருள் நோக்கில் பரளி + ஆறு. ஒலி நோக்கில் ப/ர/ளி/யா/று. “யா எங்கிருந்து சார் வந்தது?” என்று ஒரு மாணவி கேட்டாள். உடம்படுமெய் என்ற பெயரை அப்போது சொல்லவில்லை. இரு சொற்களையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். யகரம் தானாகவே வந்தது.

நீண்ட கூட்டுச்சொற்களுக்குப் பெயர்பெற்ற ஜெர்மன் மொழியில் நிலைமை வேறு. ‘ஷ்பீகல்’ என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. ‘ஐ’ என்றால் முட்டை. சேர்ந்தால் நம்மூர் ‘ஆஃப்பாயில்’. அதை ‘ஷ்பீகலை’ என்று இணைத்துச் சொல்வதில்லை. நடுவில் நுண்ணிய நிறுத்தம் கொடுத்து ‘ஷ்பீகல்-ஐ’ என்பர். அங்கே பொருள் பிரியும் இடத்திலேயே ஒலியும் பிரிகிறது. தமிழிலோ நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கலந்துவிடுகின்றன. பொருளுக்குப் பிரித்தபடியே வாசிக்கச் சொன்னால் குழந்தை தடுமாறும்.

ஆகவே மூன்று படிகள்: முதலில் பொருளுக்காகப் பிரித்தல், பிறகு ஒலிக்காகத் தட்டுதல், கடைசியில் இடைவெளியின்றி முழுச்சொல்லாகச் சொல்லுதல். மூன்றாம் படியை விட்டுவிட்டால் முதல் இரண்டும் பயன்தரா.

அந்த மாணவன் இப்போது பேருந்துப் பெயர்ப்பலகைகளை வாசிக்கிறான். “ஆரல்வாய்மொழிக்கு அஞ்சு தட்டு சார்” என்று சென்ற வாரம் அவனாகவே வந்து சொன்னான்.