டி மரியாவை வளர்த்த ஊர் கிளப்புக்கு கிடைத்தது பந்துகள் மட்டும்! தென் அமெரிக்க வீரர்களின் பாதை குமரி கடற்கரைக்கு சொல்வது என்ன?

உலகக் கோப்பை கால்பந்து வந்துட்டா போதும், குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் பாதிப் பேர் பிரேசில், மீதிப் பேர் அர்ஜென்டினா. நீரோடி முதல் இரயுமன்துறை வரை தூத்தூர் பகுதி மீனவ கிராமங்களில் கொடி, கட்-அவுட், விடிய விடிய மேட்ச் என ஊரே திருவிழாவாக மாறிவிடும்.

ஆனால் இந்த ஊர்கள் கால்பந்தை ரசிப்பதோடு நிற்கவில்லை, வீரர்களையும் உருவாக்குகின்றன. அப்படி உருவாக்கும் ஊர் கிளப்புக்கு திரும்ப என்ன கிடைக்கிறது? தென் அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறது? பார்க்கலாம்.

குமரியில் இருந்து யார் யார்?

மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியில் கவனம் ஈர்த்து, 2018-19 சீசனில் ஜாம்ஷெட்பூர் அணிக்காக ஐஎஸ்எல் தொடரில் ஆடினார். அடுத்த சீசனில் ஏடிகே அணியோடு கோப்பையையும் வென்றார். 2020 நவம்பரில், புதிய சீசனின் முதல் போட்டியிலேயே காயம். அந்த சீசன் முழுவதும் போயிற்று.

இன்னொருவர் ரொமாரியோ ஜேசுராஜ். 1994 உலகக் கோப்பையின் சிறந்த வீரர், பிரேசிலின் ரொமாரியோ. அதே பெயர் கொண்ட நம்ம குமரி வீரர், 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணியில் இருந்தார். பிறகு எஃப்சி கோவா பக்கம் போனார்.

அந்த சென்னை சிட்டி அணியின் கோல் மெஷின் யார் தெரியுமா? உருகுவே நாட்டின் பெத்ரோ மான்சி. ஒரே சீசனில் 21 கோல்கள். அடுத்து அவர் போனது ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா கிளப்புக்கு.

தென் அமெரிக்கர்கள் ஏன் உலகம் முழுக்க ஆடுகிறார்கள்?

சென்னையின் எஃப்சி அணியையே எடுத்துக்கோங்க. 2014ல் 8 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கிய எலானோ, பிரேசிலுக்காக 2010 உலகக் கோப்பையில் ஆடியவர். அவருக்கு சென்னை, கெரியரின் கடைசிப் பகுதி.

கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசாவுக்கு நேர் எதிர். 2015ல் 13 கோல், கோல்டன் பூட், இறுதிப்போட்டியில் கோவாவுக்கு எதிராகக் கடைசி நேர வெற்றி கோல். அதன் பிறகு நியூயார்க் சிட்டி, பிரான்ஸின் அமியான் என மேலே போனார்.

காரணம் இதுதான். தென் அமெரிக்க கிளப்புகளுக்கு வீரர்களை வளர்த்து விற்பதே முக்கிய வருமானம். டிக்கெட், டிவி பணத்தில் ஐரோப்பாவோடு போட்டி போட முடியாது. அதனால் சிறு வயதிலேயே பையன்களைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, நல்ல விலை வந்தால் விற்கிறார்கள்.

அந்தப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

தெருவோர கிளப்பில் இருந்து. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் எல் தொரிதோ என்று ஒரு சின்ன கிளப். ஏஞ்சல் டி மரியா அங்கேதான் ஆரம்பித்தார். ஏழு வயது வாக்கில் பெரிய கிளப்பான ரொசாரியோ சென்ட்ரல் அவரைக் கேட்டது. பதிலுக்கு எல் தொரிதோவுக்குக் கிடைத்தது சில கால்பந்துகள் மட்டுமே என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பையன்தான் 2021 கோபா அமெரிக்கா இறுதிப்போட்டியிலும், 2022 உலகக் கோப்பை இறுதிப்போட்டியிலும் கோல் அடித்தவர்.

கால்பந்து மட்டுமில்லை. பாஹியா பிளாங்கா என்ற அர்ஜென்டினா துறைமுக நகரத்துக்கு கூடைப்பந்துதான் உயிர். மனு ஜினோபிலி அங்குள்ள தெரு கிளப்பில் வளர்ந்து, அமெரிக்காவின் என்பிஏ தொடரில் 4 முறை பட்டம் வென்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை வீழ்த்தி தங்கம் வென்ற அர்ஜென்டினா அணியில், இந்த ஒரே ஊர்க்காரர்கள் மூன்று பேர்!

வளர்த்த கிளப்புக்கு பணம் உண்டா?

கால்பந்தில் உண்டு. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடியும் முன்பே ஒரு வீரரை வேறு நாட்டு கிளப்புக்கு விற்றால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும்.

எளிமையாகச் சொன்னால், விலை 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்கு 5 லட்சம்.

- 12 முதல் 15 வயது வரை: வருடத்துக்கு 25 ஆயிரம்
- 16 முதல் 23 வயது வரை: வருடத்துக்கு 50 ஆயிரம்

12 வயதில் தொடங்கி 17 வயது வரை ஆறு சீசன் வளர்த்த கிளப்புக்கு 2 லட்சம். அதுவும் ஒரு தடவை மட்டுமல்ல. இப்படி ஒவ்வொரு முறை விற்கப்படும்போதும் வரும்.

டி மரியா விஷயத்தில் ரொசாரியோ சென்ட்ரலுக்கு இந்த உரிமை உண்டு. எல் தொரிதோவுக்கு இல்லை. 12 வயதுக்கு முன்பே பையன் போய்விட்டான் அல்லவா, அதான்!

நம்ம ஊருக்கு இது பொருந்துமா?

இங்கேதான் சிக்கல். இந்திய கிளப்பில் இருந்து இன்னொரு இந்திய கிளப்புக்கு மாறினால் இந்த ஃபிஃபா விதி பொதுவாகப் பொருந்தாது. நம் வீரர்கள் பெரும்பாலும் உள்நாட்டுக்குள்தான் மாறுகிறார்கள். ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போனாலும் பணம் கிடையாது.

அதைவிட முக்கியம், பதிவு. வீரர் எந்த வயதில் எந்த கிளப்பில் இருந்தார் என்ற பதிவேட்டை வைத்துத்தான் பங்கு கணக்கிடப்படுகிறது. 2022 நவம்பரில் இருந்து ஃபிஃபாவின் கிளியரிங் ஹவுஸ் இந்தப் பணத்தைக் கையாள்கிறது. பதிவேட்டில் கிளப் பெயர் இல்லை என்றால், கடற்கரை மணலில் பத்து வருடம் பயிற்சி கொடுத்திருந்தாலும் கணக்கில் வராது.

இப்போது என்ன செய்யலாம்?

- ஊர் கிளப்பை மாவட்ட கால்பந்து சங்கத்தோடு முறையாக இணைக்க வேண்டும்.
- 12 வயது ஆனதும் பிள்ளைகளை அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் ஆன்லைன் பதிவில் கிளப் பெயரோடு சேர்க்க வேண்டும்.
- பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் தேதியும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.
- வேறு அணிக்கு அனுப்பும்போது வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்கி வைக்கணும்.

ஆழ்கடலுக்குப் போய்வரும் அப்பாவின் வருமானத்தில் பூட்ஸ் வாங்கும் வீடுகள் இவை. நாளை ஒரு குமரிப் பையன் வெளிநாட்டு கிளப்புக்கு விற்கப்பட்டால், அவன் ஊர் கிளப்புக்கு வரும் பங்கு அடுத்த இருபது பிள்ளைகளுக்கு பூட்ஸ் ஆகலாம். அதற்கான பதிவை அவனுடைய 12 வயதிலேயே போட்டு வைத்திருக்க வேண்டும்.